அமெரிக்க வானொலி வெஸ்டர்ன்கள்: புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு

பழைய அமெரிக்க வெஸ்டர்ன், அதாவது கௌபாய்க் கதை, வானொலி நாடகங்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் பெயர் 'லோன் ரேஞ்சர்'. ஆயிரக்கணக்கில் அத்தியாயங்கள். மூன்றைக் கேட்பார்கள், முகமூடி, வெள்ளித் தோட்டா, வெள்ளைக் குதிரை, கடைசியில் "யார் அந்த முகமூடி மனிதன்?" என்று ஒருவர் கேட்பது. மூன்றும் ஒன்று போலவே இருக்கும். "இவ்வளவுதானா?" என்று அணைத்துவிடுவார்கள்.

கோளாறு நாடகத்தில் இல்லை, நுழைந்த வாசலில் இருக்கிறது. வானொலி வெஸ்டர்னில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று பள்ளி விட்டு வந்த சிறுவர்களுக்காக 1930களில் தொடங்கியது: லோன் ரேஞ்சர், டாம் மிக்ஸ், பின்னாளில் ரெட் ரைடர், ஹாப்பலாங் காசிடி. இன்னொன்று 1950களில் பெரியவர்களுக்காக வந்தது. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்து, விளம்பரதாரர்கள் வானொலியை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. பணம் போடுகிறவன் இல்லாத இடத்தில் எழுதுகிறவனுக்குக் கை அவிழ்ந்தது. 'கன்ஸ்மோக்' தொடங்கியபோது அதற்கு விளம்பரதாரரே இல்லை. புதியவர் நுழைய வேண்டியது இந்த இரண்டாம் வாசல் வழியாக.

டெக்ஸ் வில்லர், லக்கி லூக் என்று லயன் காமிக்ஸில் வளர்ந்தவர்களுக்கு சலூன் என்ற மதுக்கடையும் ஷெரீஃபும் புதிதல்ல. ஆனால் படத்தில் பார்த்துப் பழகிய உலகத்தைக் காதால் மட்டும் பிடிப்பதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும்.

படி 1: தொடரைத் தேர்ந்தெடுப்பது

தமிழ்க் காதுக்கு முதல் மூன்று அத்தியாயங்களை 'ஃப்ரன்டியர் ஜென்டில்மேன்' தொடரிலிருந்து எடுங்கள். இதைப் பலர் பரிந்துரைப்பதில்லை. எல்லோரும் நேரே கன்ஸ்மோக்குக்கு அனுப்புவார்கள். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

இதன் நாயகன் ஜே.பி. கெண்டல், லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காக மேற்குப் பகுதியைச் சுற்றி எழுதும் ஆங்கிலேயன். நடித்தவர் ஜான் டேனர். உச்சரிப்பு தெளிவு, வேகம் நிதானம். அதைவிட முக்கியம், கெண்டலும் அந்த ஊருக்குப் புதியவன். தனக்குப் புரியாததை அவனே கேட்டுத் தெரிந்துகொள்வான். கூடவே நமக்கும் தெரிந்துவிடும். எழுதி இயக்கியவர் ஆண்டனி எல்லிஸ். சிபிஎஸ் வானொலி வலையமைப்பில் 1958 பிப்ரவரி 2 முதல் நவம்பர் 16 வரை, மொத்தம் 41 அத்தியாயங்கள். 'ஏசஸ் அண்ட் எயிட்ஸ்' என்ற அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். பெயர்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்டு பில் ஹிக்காக் சீட்டாட்ட மேசையில் சுடப்பட்ட கதை அது.

காது பழகியதும் கன்ஸ்மோக். நிரந்தரமாகக் குடியேற வேண்டிய வீடு அதுதான். சிபிஎஸ், 1952 ஏப்ரல் 26 முதல் 1961 ஜூன் 18 வரை, 480 அத்தியாயங்கள். களம் 1870களின் டாட்ஜ் சிட்டி, கான்சாஸ். யு.எஸ். மார்ஷல் மாட் டில்லனாக வில்லியம் கான்ராட், உதவியாள் செஸ்டராக பார்லி பேர், டாக்டர் ஆடம்ஸாக ஹோவர்ட் மெக்நியர், சலூனில் வேலை செய்யும் கிட்டியாக ஜார்ஜியா எல்லிஸ். தயாரிப்பும் இயக்கமும் நார்மன் மெக்டானல்; கதைகளின் முதுகெலும்பு ஜான் மெஸ்டன். 1955இல் இதே பெயரில் ஜேம்ஸ் ஆர்னஸ் நடித்த தொலைக்காட்சித் தொடர் தொடங்கி, ஆறு ஆண்டுகள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள் அந்த முகங்களைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். வானொலிச் செஸ்டர் நொண்ட மாட்டார். அது திரைக்காகச் சேர்த்தது. வானொலிக் கதைகள் இன்னும் கசப்பானவை. டில்லன் தாமதமாகத்தான் போய்ச் சேருவார், நல்லவர் செத்துப்போவார், கதை அங்கேயே முடிந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'சிக்ஸ் ஷூட்டர்' என்பிசி என்ற இன்னொரு வலையமைப்பில் 1953–54இல் வந்தது, 39 அத்தியாயங்கள், நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். மென்மையானது, சில நேரம் நகைச்சுவையானது. ஆனால் ஸ்டூவர்ட் வாய்க்குள்ளேயே இழுத்துப் பேசுகிறவர், அதனால் முதல் வாரத்துக்கு வேண்டாம். 'ஃபோர்ட் லாரமி' 1956இல், 40 அத்தியாயங்கள். வயோமிங்கில் உண்மையாகவே இருந்த குதிரைப்படைக் கோட்டையின் அன்றாடம். கேப்டன் லீ குவின்ஸாக வரும் ரேமண்ட் பர்தான் அடுத்த ஆண்டு தொலைக்காட்சியில் வழக்கறிஞர் பெர்ரி மேசன் ஆனார். 'ஹாவ் கன் வில் டிராவல்' தொலைக்காட்சியில் முதலில் வந்து பிறகு வானொலிக்குப் போனது. ஊரே எதிர்த்திசையில் ஓடிய காலத்தில் அப்படி ஒரு பயணம். 106 அத்தியாயங்கள், இதிலும் ஜான் டேனர்தான். 'டேல்ஸ் ஆஃப் த டெக்சஸ் ரேஞ்சர்ஸ்' வெஸ்டர்ன் உடை போட்ட துப்பறியும் தொடர். காரும் உண்டு, காருக்குப் பின்னால் டிரெய்லரில் குதிரையும் உண்டு.

படி 2: நல்ல பிரதியைப் பிடிப்பது

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் தொடரின் பெயரைத் தேடினால் பத்துப் பதினைந்து தொகுப்புகள் வரும். முதலில் கண்ணில் படுவதை எடுக்காதீர்கள். ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ் என்ற ஆர்வலர் குழு தொகுத்தவற்றைத் தேடுங்கள், சுருக்கமாக ஓடிஆர்ஆர். தேதி, தலைப்பு, வரிசை மூன்றையும் சரிபார்த்த தொகுப்புகள் அவை. கோப்புப் பெயரில் ஆண்டு-மாதம்-தேதி முதலில் இருந்து, பிறகு அத்தியாய எண்ணும் தலைப்பும் வந்தால் யாரோ பொறுப்பாக வேலை செய்திருக்கிறார் என்று பொருள். வெறும் தலைப்பு மட்டும் இருந்தால் ஒரே அத்தியாயம் இரண்டு பெயரில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அளவைப் பாருங்கள். அரை மணி நேர நாடகம் 64 கேபிபிஎஸ் எம்பி3யில் சுமார் 14 எம்பி வரும். பேச்சு நாடகத்துக்கு அது போதும். 128 கேபிபிஎஸ் என்றால் 28 எம்பி. கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம். 32 கேபிபிஎஸ்ஸில் 7 எம்பிதான். இதில் 'ஸ', 'ஷ' ஒலிகள் எல்லாம் கொப்பளிப்பது போலக் கேட்கும், மழைக் காட்சி வந்தால் எண்ணெய்ச் சட்டி போலப் பொரியும். கன்ஸ்மோக் முழுவதையும் 64இல் இறக்கினால் ஏறக்குறைய 7 ஜிபி. முழுவதும் வேண்டாம், முதலில் 1952, 1953 இரண்டு ஆண்டுகள் போதும்.

இரைச்சலே இல்லாத, கண்ணாடி போல் 'சுத்தம் செய்த' பிரதி என்று விளம்பரப்படுத்தியிருந்தால் சந்தேகப்படுங்கள். இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறி ஓட்டினால் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகி, பின்னணியில் இருந்த தூரத்து நாய்க்குரைப்பும் காற்றும் சேர்ந்தே போய்விடும். இந்த நாடகங்களில் பாதி உயிர் அந்தப் பின்னணியில் இருக்கிறது. லேசாக 'உஸ்' என்று சத்தம் வரும் பிரதியே மேல்.

இன்னொன்று, 29 நிமிடம் 30 நொடி இருக்க வேண்டிய அத்தியாயம் 25 நிமிடம்தான் இருந்தால் கதை வெட்டப்பட்டதாகப் பதற வேண்டாம். அது பெரும்பாலும் படைவீரர்களுக்கான வானொலிச் சேவையின் பிரதி. வெளிநாட்டில் இருந்த அமெரிக்க வீரர்களுக்காக விளம்பரங்களை நீக்கி, 16 அங்குல இசைத்தட்டுகளில் பதிந்து அனுப்பினார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் 15 நிமிடம்தான் அடங்கும். அதனால்தான் பல அத்தியாயங்களில் நடுப்பகுதியில் ஒலித்தரம் சட்டென்று மாறுகிறது. தட்டின் உள்வட்டத்துக்கு ஊசி போகப்போக ஒலி மங்கும். பக்கம் திருப்பியதும் தெளியும். உங்கள் இயர்போனில் கோளாறு இல்லை.

விளம்பரத்தோடு இருக்கும் பிரதியா, நீக்கியதா? ஒன்றிரண்டாவது விளம்பரத்தோடு கேளுங்கள். டாட்ஜ் சிட்டியில் ஒரு பிணத்தைப் புதைத்த கையோடு எல் அண்ட் எம் சிகரெட்டின் மென்மையைப் பற்றி ஒருவர் உருகுவார். அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது.

படி 3: வேகத்தைச் சரிபார்ப்பது

புதியவர்கள் கவனிக்காமல் விடும் குறை இதுதான். தட்டிலிருந்து நாடாவுக்கு, நாடாவிலிருந்து கணினிக்கு என்று பலமுறை மாறியதில், பல பிரதிகள் இரண்டு மூன்று விழுக்காடு வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகின்றன. கான்ராடின் அடிவயிற்றுக் குரல் மூன்று விழுக்காடு ஏறினாலே மார்ஷல் கொஞ்சம் படபடப்புக்காரர் போலாகிவிடுவார். "பிரமாதமான குரல் என்றார்களே, சாதாரணமாகத்தானே இருக்கிறது" என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதன் மெல்லிய ரீங்காரம் பதிவில் ஒளிந்திருக்கும், அதுவே அளவுகோல். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து, இசையோ உரத்த பேச்சோ இல்லாத பத்து நொடிப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அனலைஸ் பட்டியலில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதை அழுத்தினால் ஒரு வரைபடம் விரியும். சைஸ் என்ற இடத்தில் 65536 வையுங்கள். சிறிய எண் வைத்தால் முகடு மழுங்கித் தெரியும். 60க்கு அருகிலோ, அதன் இரட்டிப்பான 120க்கு அருகிலோ ஒரு கூரிய முகடு நிற்கும். 120இல் பார்ப்பது துல்லியம்.

முகடு 123.6இல் நிற்கிறது என்று வையுங்கள். 120ஐ 123.6ஆல் வகுத்தால் 0.971. பதிவு மூன்று விழுக்காடு வேகம். எஃபெக்ட் பட்டியலில் சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச் என்பதில் பெருக்கு எண்ணாக 0.971 கொடுங்கள். 28 நிமிடம் 38 நொடியாக இருந்த கோப்பு 29 நிமிடம் 30 நொடிக்கு அருகில் வந்து நிற்கும். கணக்குச் சரி என்பதற்கு அதுவே சாட்சி. மூலக் கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் சேமியுங்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, முகடு சரியாக 60இல் நிற்கிறது, ஆனால் குரல் இன்னும் கீச்சென்று இருக்கிறது. அந்த ரீங்காரம் பிற்காலத்தில் யாரோ நகலெடுத்தபோது ஏறியது. அதை நம்ப முடியாது. அப்போது அதே நடிகரை நல்ல பிரதி ஒன்றில் கேட்டு ஒப்பிடுவதுதான் வழி. இரண்டு, விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.97 என்று குறைத்தால் தீராது. விஎல்சி நேரத்தை நீட்டுமே தவிர, குரலின் சுருதியைத் தொடாது.

சிக்ஸ் ஷூட்டர் போன்ற என்பிசி தொடர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் என்பிசியின் மூன்று மணியொலி வரும்: ஜி, ஈ, சி. கிட்டார் டியூனர் செயலியைத் திறந்து அந்த மணிகளைக் கேட்கவிடுங்கள். 196, 330, 262 ஹெர்ட்ஸுக்கு அருகில் காட்டினால் வேகம் சரி.

படி 4: கேட்கும் ஏற்பாடு

பெரிய பாஸ் உள்ள ப்ளூடூத் ஸ்பீக்கரில் போடாதீர்கள். குரலுக்குக் கீழே ரீங்காரம் தவில் அடிப்பது போல எழும். அந்தக் கால நெட்வொர்க் இணைப்புகளில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வரவில்லை. எனவே ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6,000க்கு மேலேயும் நன்றாகக் குறைத்துவிடுங்கள். இரைச்சல் பாதி போய்விடும், பேச்சுக்கு ஒரு குறையும் வராது. சாதாரண இயர்போன் போதும். எல்லாம் மோனோ பதிவு என்பதால் இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் கோப்பு தவறாக ஸ்டீரியோவாக்கப்பட்டிருக்கிறது. போன் அமைப்பில் மோனோ ஆடியோவை இயக்கினால் தீர்ந்தது.

பேருந்தில் வேண்டாம். டில்லன் தாழ்ந்த குரலில் பேசுவது எஞ்சின் சத்தத்தில் போய்விடும், ஒலியை ஏற்றினால் அடுத்த நொடி துப்பாக்கி வெடித்துக் காது அடைக்கும். வீட்டில் இரவில், விளக்கணைத்து, கையில் வேறு வேலை இல்லாமல் கேளுங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாமா என்றால், லோன் ரேஞ்சரைக் கேட்கலாம். கன்ஸ்மோக்கைக் கேட்க முடியாது.

ஒரு நாளைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. இவை வாரம் ஒருமுறை கேட்கவென்று எழுதப்பட்டவை. ஒரே மூச்சில் எட்டு கேட்டால் ஒரே மாதிரித் திருப்பங்கள் உறுத்தத் தொடங்கும். கூடவே இன்னொரு குழப்பமும் வரும்: குரல்கள். ஹாலிவுட்டில் ஒரு சிறிய நடிகர் கூட்டமே எல்லாத் தொடரிலும் மாறி மாறி நடித்தது. ஜான் டேனர், விக் பெரின், ஹாரி பார்ட்டெல், லாரன்ஸ் டாப்கின், ஜெனட் நோலன், விர்ஜினியா கிரெக். நேற்று தூக்கில் தொங்கியவன் இன்று கடைக்காரனாக வருவான். புதியவர்களுக்கு இது எரிச்சல். பத்தாவது அத்தியாயத்துக்குப் பிறகு யார் எந்தக் குரல் என்று கண்டுபிடிப்பதே ஒரு சுகம்.

படி 5: எந்த அத்தியாயம்

கன்ஸ்மோக்கின் முதல் அத்தியாயம் 'பில்லி த கிட்'. வரலாற்றுக்காகக் கேட்கலாம், சிறந்ததல்ல. வரிசையாகக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை. 'த கேபின்' எடுங்கள்: பனிப்புயலில் சிக்கிய டில்லன் ஒரு குடிசைக்குள் நுழைகிறார், உள்ளே இரண்டு கொலைகாரர்களும் ஒரு பெண்ணும். பிறகு 'ஹோம் சர்ஜரி': டாக்டர் எட்டாத தூரத்தில், அழுகிய காலோடு கிடக்கும் ஒரு பண்ணைக்காரர். அதன் பிறகு 'கிட்டி': டில்லன் கிட்டியை ஊர் நடனத்துக்கு அழைத்துப் போகிறார், ஊர் அதை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் கதை. துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்து வந்தவர் இந்த மூன்றையும் கேட்டால் தொடரின் குணம் பிடிபட்டுவிடும்.

படி 6: சத்தத்தை வாசிப்பது

கன்ஸ்மோக்கில் ஒருவர் தெருவைக் கடப்பதைக் கூர்ந்து கேளுங்கள். முதலில் பூட்ஸ் மரப்பலகையில் விழும்: டாட்ஜ் சிட்டிக் கடைகளின் முன் பலகை நடைபாதை. அடியோடு சேர்ந்து, குதிரையை முடுக்க பூட்ஸில் மாட்டும் குதிமுள்ளின் மெல்லிய சிலுங்கல். பிறகு சத்தம் மண்ணில் அமுங்கும், தெருவில் இறங்கிவிட்டார். தூரத்தில் பியானோ கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். மறுபடி பலகை, சலூனின் ஆடும் கதவு, பியானோ முழுதாகத் திறக்கும். இத்தனையும் முடியும்வரை யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சிறுவர் தொடராக இருந்தால் "இதோ, சலூனுக்கு வந்துவிட்டோம்!" என்று ஒரு வசனம் வைத்து இரண்டு நொடியில் முடித்திருப்பார்கள். இங்கே அந்தப் பதினைந்து நொடி நடையே பதற்றத்தை ஏற்றுகிறது. ரே கெம்பர், டாம் ஹேன்லி, பில் ஜேம்ஸ் என்ற ஒலிக் கலைஞர்களின் கைவேலை இது. நம் வானொலி ஒலிச்சித்திரங்களைக் கேட்டவர்களுக்கு இந்த ருசி தெரியும்.

குதிரைக் குளம்படியைப் பிரித்தறியப் பழகினால் கதை பாதி புரிந்த மாதிரி. நடை என்றால் சீரான நான்கு தட்டு. டிராட் என்ற மெல்லோட்டம் என்றால் இரண்டிரண்டாக, கடிகாரம் போல. அதைவிட வேகமான கேன்டர் மூன்று தட்டு, பிறகு ஒரு சின்ன இடைவெளி. முழுப் பாய்ச்சலில் நான்கு தட்டும் ஒன்றன் மேல் ஒன்று விழும். வானொலி நிலையங்களில் இதற்குத் தேங்காய் ஓட்டின் இரண்டு பாதிகளையும், டெட்ராய்ட்டில் லோன் ரேஞ்சருக்கு வாஷ்பேசின் அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணங்களையும் சரளைப் பெட்டியில் அடித்தார்கள். வீட்டில் கொட்டாங்குச்சி இரண்டும், ஒரு தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணலும் சிறு ஜல்லியும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் நீங்களே அடித்துப் பார்க்கலாம். உள்ளே கொஞ்சம் துணி அடைத்தால் மண்சாலை, எடுத்துவிட்டால் பாறை. கை பழகியதைக் காது மறக்காது. டில்லனும் செஸ்டரும் டிராட்டில் போனால் அவசரமில்லை. கேன்டர் சட்டென்று நடையாக இறங்கினால் எதிரே எதையோ பார்த்துவிட்டார்கள்.

படி 7: சொற்கள்

அகராதியை வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். ஆனால் சில சொற்கள் தெரியாவிட்டால் கதையே நழுவும்.

ஸ்டேஜ் வருகிறது என்றால் மேடை அல்ல, பயணிகளையும் தபாலையும் ஏற்றிவரும் குதிரை வண்டி. பஃபலோ நம் எருமை அல்ல, சமவெளிக் காட்டெருது. அதன் தோலுக்காக லட்சக்கணக்கில் சுட்டுத் தள்ளிய காலம்தான் டாட்ஜ் சிட்டியின் முதல் செழிப்பு. 1872இல் ரயில் வந்தது. பிறகு டெக்சஸிலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டிவந்து அங்கே ரயிலேற்றினார்கள். மாதக்கணக்கில் புழுதி தின்றுவிட்டு, கூலி வாங்கிய கையோடு ஊருக்குள் நுழையும் மாட்டோட்டிகள்தான் பாதிக் கதைகளின் பிரச்சினை.

மீதிப் பாதி நிலத்தகராறு. 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறிய குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. அதுவரை வேலியில்லாத புல்வெளியில் மாடு மேய்த்த பெரும் பண்ணையாருக்கு இந்தச் சிறு விவசாயி கண்ணில் விழுந்த தூசி. 'நெஸ்டர்' என்று அவர் பல்லைக் கடித்துச் சொல்லும் சொல் இவனைத்தான். 1874க்குப் பிறகு முள்கம்பி பரவியதும் தகராறு முற்றியது. மரமில்லாத சமவெளியில் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டும் வீடு 'சாடி'. கூரையிலிருந்து மண் உதிர்வது பற்றிப் பெண்கள் புலம்பினால் அதுதான்.

மார்ஷலும் ஷெரீஃபும் ஒன்றல்ல. ஷெரீஃப் மாவட்டத்துக்கு மக்கள் தேர்ந்தெடுப்பவர். டவுன் மார்ஷல் ஊராட்சி வைப்பவர். டில்லனைப் போன்ற யு.எஸ். மார்ஷல் மத்திய அரசின் ஆள். யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்பதில் சில கதைகள் தொங்கும். பாஸி என்றால் ஒருவனைத் துரத்த ஊர்க்காரர்களைச் சேர்த்துக் கிளம்பும் கூட்டம். ட்ரைகல்ச் என்றால் மறைந்திருந்து சுடுவது. டூ பிட்ஸ் 25 சென்ட். டபுள் ஈகிள் 20 டாலர் தங்கக் காசு. "மச் ஆப்ளைஜ்டு" என்றால் நன்றி.

முகம் சுளிக்க வைப்பவை

செவ்விந்தியர்களையும் சீனர்களையும் மெக்சிகோக்காரர்களையும் இந்த நாடகங்கள் காட்டும் விதம் பல இடங்களில் மோசம். லோன் ரேஞ்சரின் செவ்விந்தியத் தோழன் டாண்டோவாக நடித்த ஜான் டாட் ஒரு வெள்ளைக்காரர். ஹாவ் கன்னில் ஹே பாய் என்ற சீனப் பாத்திரத்துக்கு உடைந்த ஆங்கிலம் பேசியவர் பென் ரைட் என்ற ஆங்கிலேயர். ஃபோர்ட் லாரமியும் கன்ஸ்மோக்கும் இதில் கொஞ்சம் நேர்மை. அங்கே துரோகம் செய்பவர் பெரும்பாலும் வெள்ளைக்காரராகவே இருப்பார். குழந்தைகளோடு கேட்பவர்கள் முன்கூட்டியே தனியாக ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

யூடியூபில் ஏற்றலாமா

"பழையதுதானே, காப்புரிமை இருக்காது" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். நம்பாதீர்கள். 2018இல் வந்த அமெரிக்க இசை நவீனமயச் சட்டம் பழைய ஒலிப்பதிவுகளுக்கும் காலக்கெடு வைத்தது: 1923–1946இல் வெளியானவற்றுக்கு 100 ஆண்டுகள், 1947–1956இல் வெளியானவற்றுக்கு 110 ஆண்டுகள், அதன் பிறகு 1972 பிப்ரவரி 15க்கு முன்புவரை உள்ளவற்றுக்கு 2067 பிப்ரவரி 15 வரை. நடைமுறையில் இவை தாராளமாகப் புழங்குவது வேறு விஷயம். கேட்பதோடு நில்லுங்கள். தமிழில் விளக்கம் சேர்த்து முழு அத்தியாயத்தையும் காசுக்காக ஏற்றினால் ஒருநாள் சேனல் முடங்கலாம்.

கடைசியாக, லோன் ரேஞ்சர்

ஒரு மாதம் கழித்து அந்த முதல் வாசலுக்குத் திரும்பி வாருங்கள். இப்போது வேறாகக் கேட்கும். டெட்ராய்ட்டின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையத்தில் 1933 ஜனவரியில் தொடங்கி 1954 செப்டம்பர் 3 வரை, வாரம் மூன்று நாள், மொத்தம் 2,956 அத்தியாயங்கள். உரிமையாளர் ஜார்ஜ் ட்ரென்டில், எழுத்தாளர் ஃப்ரான் ஸ்ட்ரைக்கர். தொடக்க இசை ரோசினியின் வில்லியம் டெல். பழைய சாஸ்திரிய இசைக்குக் கட்டணம் கட்ட வேண்டாமே. ஒழுங்காகப் பதிவு செய்யத் தொடங்கியது 1938இல்தான், அதற்கு முந்தையதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். முகமூடி வந்த கதைக்கு 1948 ஜூன் 30 தேதியிட்ட கோப்பு. பிறகு 1941 ஏப்ரல் மாதக் கோப்புகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். அதுவரை ரேஞ்சராக நடித்த எர்ல் கிரேசர் ஏப்ரல் 8 அதிகாலையில் கார் விபத்தில் இறந்துபோனார். அடுத்த ஒலிபரப்புக்குப் புதுக் குரல் வேண்டும், ஆனால் நாடு முழுக்கச் சிறுவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கதையில் ரேஞ்சருக்குக் கடுமையான காயம் என்று எழுதினார்கள். அடுத்தடுத்த சில அத்தியாயங்களில் அவருக்குக் கிசுகிசுப்பு தவிரப் பேச்சு வராது. கதையை டாண்டோ ஒற்றையாளாகத் தூக்கிக்கொண்டு போவார். காயம் ஆறி ரேஞ்சர் வாயைத் திறக்கும்போது பேசுவது பிரேஸ் பீமர். மாத முதல் வாரத்துக் கோப்பு ஒன்றையும் கடைசி வாரத்துக் கோப்பு ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், வேகத்தைச் சரிபார்த்துவிட்டு.